லாரிக்காரர் வீட்டுத் தண்ணீர்

அந்தத் தெருவில் தண்ணீர்க் கவலை இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் லாரிக்காரர் வீடு. சாயங்காலம் கடைசி லோடை இறக்கிவிட்டு வரும்போது தொட்டியின் அடியில் கொஞ்சம் மிச்சம் கிடக்கும். லாரியைத் தெருமுனை மேட்டில் சாய்வாக ஏற்றி நிறுத்தி, வால்வைத் திறந்து, அந்த மிச்சத்தை இரண்டு நீல டிரம்மிலும் வழிய வழியப் பிடித்துக்கொள்வார்கள். மற்ற வீடுகளில் பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடக் கீழே கொட்ட மனசு வராமல் எடுத்து வைத்திருக்க, இவர்கள் வாசலில் மட்டும் எப்போதும் ஈரம். அக்கம்பக்கத்தார் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார்கள். பார்த்துவிட்டால் ஒரு குடம் கேட்கத் தோன்றும். கேட்டால் இல்லையென்று சொல்லமாட்டார்கள். அதுதான் சங்கடம்.

லாரிக்காரரின் மனைவிக்குத் துருவி என்று பேர். கல்யாணமான புதிதில் புருஷன் வைத்தது, தெருவும் பிடித்துக்கொண்டது. எதையும் துருவித் துருவிக் கேட்காமல் அவளால் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் இறங்குவதற்குள், அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை தெரிந்துகொண்டிருப்பாள். அதில் வம்பு கிடையாது. கேட்டதை இன்னொரு வீட்டில் போய் ஊதமாட்டாள். தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். தெரியாமல் விட்டால் மாத்திரை தொண்டையில் சிக்கின மாதிரி இருக்கும் அவளுக்கு.

அப்படிப்பட்டவளுக்குக் கேள்வி கேட்பதையே வேலையாகக் கொடுத்தால் விடுவாளா? குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கப் பெண்கள் வேண்டும் என்றார்கள். ஆண்கள் போனால் கதவு திறப்பதில்லையாம். துருவி முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள்.

பயிற்சி ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க இடிக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிக் கொடுக்க வந்த எஞ்சினியரம்மா ஒல்லியாக இருந்தார். தோளில் அவரைவிடக் கனமான ஒரு பை.

"இது இன்னைக்குத் தண்ணி விடுறதுக்கான கணக்கு இல்லீங்க" என்று ஆரம்பித்தார். "இந்த ஊரு வளந்துகிட்டே போகுது. முப்பது வருஷம் கழிச்சு இங்க எத்தனை பேர் இருப்பாங்க, ஆளுக்கு எவ்வளவு வேணும், அத எங்கேருந்து கொண்டு வர்றது, இதுக்கெல்லாம் இப்பவே திட்டம் போட்டாத்தான் அன்னைக்குக் குழாய்ல தண்ணி வரும்."

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "மேடம், இன்னைக்கே எங்க வீட்டுக் குழாய்ல காத்துதான் வருது" என்றாள். வகுப்பே சிரித்தது.

எஞ்சினியரம்மாவும் சிரித்துவிட்டார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி யாராவது இப்படி வந்து கேட்டிருந்தா, இன்னைக்கு உங்க வீட்ல காத்து வந்திருக்காதுல்ல?"

துருவிக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. பிறக்காத பிள்ளைகளின் தாகத்துக்கு இப்போதே யோசிக்கிற ஒரு அலுவலகம் இருக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியம். இன்னொன்றையும் கவனித்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த அம்மா ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்காமல் அன்று வீட்டுக்குப் போக முடியவில்லை.

"வெளிய சுத்துற வேலைங்க. போற எடத்துல பாத்ரூம் கெடைக்காது. அதனால குடிக்கறதில்ல" என்றார் எஞ்சினியரம்மா. ஊருக்கே தண்ணீர்த் திட்டம் போடுகிறவர் நாக்கு வறண்டு திரிவது துருவிக்கு வேடிக்கையாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

வேலை ஆரம்பித்தபின் அவள் கண்ட அதிசயங்களுக்கு அளவில்லை. எவ்வளவு தண்ணீர் செலவாகிறது என்று நேராகக் கேட்டால், வயசைக் கேட்ட மாதிரி எல்லாரும் குறைத்துத்தான் சொன்னார்கள். அதனால் அவள் எடுத்த எடுப்பில் அதைக் கேட்பதில்லை. "எந்த வாளியில குளிப்பீங்க? காட்டுங்க பாப்போம்" என்பாள். வாளியைத் தேடிக் குளியலறைக்குப் போனால் மிச்சக் கதையெல்லாம் தானே வரும். நாலு பேர் இருக்கிற வீட்டைவிட ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் செலவு கம்மி. எப்படி என்றால், "ஒருத்தர் உள்ள போனா அடுத்தவர் கதவ இடிப்பாரு, எங்க ஆசதீரக் குளிக்கறது?" ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் காலையில் ஸ்கூட்டரைக் கழுவுகிறார். அந்த ஸ்கூட்டர் ஓடி வருஷக்கணக்காகிறது.

ஒரு வீட்டில் ஒரு பெண் சொல்லத் தயங்கித் தயங்கி, "சில நாள் குழாயத் தெறந்து விட்டுட்டு உள்ள நிப்பேன்" என்றாள்.

"குளிக்கறதுக்கா?"

"இல்லக்கா. அழறதுக்கு. பிள்ளைங்க காதுல விழக்கூடாதுல்ல."

தாளில் குளியல், சமையல், துணி, கழிப்பறை என்று கட்டங்கள் இருந்தன. கடைசியில் 'பிற' என்று ஒன்று. துருவி அதில் குறித்துக்கொண்டாள். அன்று அடுத்த வீட்டுக்குப் போகக் கொஞ்ச நேரமாயிற்று.

சாப்பிடும்போது பேர் சொல்லாமல் இதையெல்லாம் புருஷனிடமும் மகளிடமும் சொல்லுவாள். ஸ்கூட்டர் கதைக்கு லாரிக்காரர் புரையேறச் சிரித்தார். ஆனால் நாளாக ஆகச் சிரிப்பு குறைந்தது. வீட்டுக்கு வருவதற்கே இருட்டிவிடுகிறது. கேட்டால், "கிணத்துல ஒரே லாரிக் கூட்டம்" என்பார். துருவி ஒரு விஷயத்தைப் பார்த்து வைத்திருந்தாள். முன்பெல்லாம் லாரிச் சக்கரத்தில் கரிசல் சேறு ஒட்டியிருக்கும். இப்போது செம்மண். கேட்க வாயெடுப்பாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொள்வாள். அவள் விழுங்கின கேள்வி வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான்.

ஒருநாள் காலையில் லாரி சங்கத்துச் செயலாளர் பைக்கில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. கொடுத்த காப்பியை வாங்கி ஊதிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏம்மா, ஊரெல்லாம் போய்த் தண்ணிக் கணக்கு எடுக்கறியாமே?"

"ஆமாண்ணே."

"எதுக்குன்னு தெரியுமா?"

"முப்பது வருஷத்துக்குத் திட்டம் போடறாங்கண்ணே."

"அந்தத் திட்டம் வந்தா மொதல்ல யாரு வயித்துல அடிக்கும்? வீட்டுக்கு வீடு குழாய்ல தண்ணி கொட்டுனா உன் வீட்டுக்காரன் லாரிய வச்சுகிட்டு என்ன பண்ணுவான்? நீ உக்காந்த கிளைய நீயே வெட்டுறம்மா."

"நான் கேக்கலன்னா வேற யாராவது கேப்பாங்கண்ணே."

"கேக்கட்டும். ஆனா நம்ம லாரிக்காரன் பொண்டாட்டி கேக்கறான்னு நாலு பேர் பேசறான். சங்கத்துல எனக்குப் பதில் சொல்ல முடியல." லாரிக்காரர் பக்கம் திரும்பினார். "தம்பி, வீட்டுல பேசி முடிச்சுக்க. நான் லோடு குடுக்கற எடத்துல உக்காந்திருக்கேன். அவ்வளவுதான் சொல்லுவேன்."

அவர் போனபின் துருவி டம்ளரை எடுத்தாள். காப்பி பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"வேலைய விட்டுடு" என்றார் லாரிக்காரர்.

"ஏன்?"

"எல்லாத்துக்கும் ஏன்தானா உனக்கு? அவர் சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. குழாய் வர்றதுக்கே பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகுமாம். அதுவரைக்கும் லாரி ஓடும்ல? அப்புறம் உங்களுக்கும் வயசாயிடும். இப்பவே ராத்திரியில கால் வலிக்குதுங்கறீங்க."

"பத்து வருஷம் ஓடுமா?" என்று கேட்டுவிட்டு அவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"ஏன் ஓடாது?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு சுருங்கியது. வேண்டியதை மகள் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள். "அம்மா, அப்பா உப்பு கேக்கறாரு." "அப்பாகிட்ட சொல்லு, பக்கத்துலதான் இருக்குன்னு." மகள் ஒருநாள் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் போட்டுக் குடுங்க" என்றாள். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. துருவி வேலையையும் விடவில்லை. விடமாட்டேன் என்று சொல்லவும் இல்லை. காலையில் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

எந்தெந்த வீட்டில் கேட்பது என்பதை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போட்டுக் கொடுக்கும். அந்த வாரப் பட்டியலைப் பார்த்த துருவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுடைய சொந்த வீடு அதில் இருந்தது.

"சொந்த வீட்ல நீங்க கேக்கக் கூடாது. நானே வர்றேன்" என்றார் எஞ்சினியரம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். லாரிக்காரர் துவைத்த சட்டை போட்டு, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். துருவி சுவரோரம் நின்றுகொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று அவளுக்கு முன்கூட்டியே உத்தரவு.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"மூணு."

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி ஆகும்?"

"கொஞ்சந்தான்."

வாசல் ஈரத்தை மிதித்து வந்த எஞ்சினியரம்மாவின் செருப்புத் தடம் இன்னும் காயவில்லை. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"தண்ணி எங்கேருந்து வருது?"

"லாரி."

"குழாய் வந்தா இணைப்பு வாங்குவீங்களா?"

"வேணாம்."

"முப்பது வருஷம் கழிச்சு இந்த வீட்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னு நெனைக்கறீங்க?"

"நான் இருக்கமாட்டேன். வேற ஊருக்குப் போயிடுவேன்" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

லாரிக்காரர் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. துருவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கேள்வியை எப்படிக் கேட்கக் கூடாதோ அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார் எஞ்சினியரம்மா. லாரி என்று சொன்னால் லாரிக்கு எங்கிருந்து என்று அடுத்ததைக் கேட்க வேண்டாமா? தாளில் அதற்குக் கட்டம் இல்லைதான். அதற்காக விட்டுவிடுவதா?

"ஏங்க" என்றாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசின முதல் வார்த்தை அது. "சக்கரத்துல ஏன் செம்மண் ஒட்டியிருக்கு?"

லாரிக்காரர் அவளைப் பார்த்தார். எஞ்சினியரம்மாவின் பேனா நின்றது.

"நம்ம கிணறு இருக்கற பக்கமெல்லாம் கரிசல் மண்ணு. நீங்க எங்க போறீங்க?"

அவர் யாரிடமோ சொல்கிற மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் கிணறு போன கோடையிலயே வத்திப்போச்சு. அதுக்கு அடுத்ததும் போச்சு. செங்கச் சூளைக்குப் பக்கத்துல ஒண்ணு புடிச்சோம், அதுவும் மழைக்கு முன்னாடியே சேறா வந்துச்சு. இப்போ கல்குவாரியத் தாண்டிப் போறேன். ஒரு லோடு எடுக்க அரை நாள் போயிடுது."

"லாரிக் கூட்டம்னு சொன்னீங்களே?"

"கூட்டமெல்லாம் இல்ல. அவ்வளவு தூரம் வர வேற எவனும் ஒத்துக்கல. நான் மட்டுந்தான் போறேன். வெளிய சொல்லக் கூடாதுன்னு சங்கத்துல பேச்சு. தெரிஞ்சா அந்தப் பக்கத்து ஆளுங்க லாரிய மறிச்சிடுவாங்க."

"எங்கிட்டயுமா சொல்லக் கூடாது?"

"உங்கிட்டச் சொன்னா என்ன கேப்ப? அதுவும் வத்திட்டா எங்க போவீங்கன்னு கேப்ப. கேப்பியா மாட்டியா?"

"கேப்பேன்."

"எங்கிட்டப் பதில் இல்ல. அதான் சொல்லல. தெனமும் வண்டிய எடுக்கறப்போ அந்தக் கேள்வி பக்கத்து சீட்ல உக்காந்துகிட்டு வருது. வீட்டுக்கு வந்தாலும் அதையே கேக்கணுமா?"

துருவி சுவரைவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்த மகள் வாசற்படிக்கு வந்து நின்றாள்.

எஞ்சினியரம்மா பேனாவை மூடினார். "கிணறு எறங்குதுன்னு எங்களுக்கும் தெரியும் சார். ஆனா ஊருக்குள்ள இருக்கறத மட்டுந்தான் அளந்தோம். லாரித் தண்ணி எங்க கணக்குல ஒரே ஒரு வரி. இவ்வளவு தூரத்துலேருந்து வருதுன்னா மொத்தக் கணக்கும் மாறும். உங்க பேரு இல்லாம இத எழுதிக்கலாமா?"

"பேரு இல்லன்னா மட்டும் தெரியாதா? அங்க போற லாரி ஒண்ணுதான்" என்றார் லாரிக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதிக்குங்க. சங்கத்துக்கு நானே சொல்லிக்கறேன்" என்றார். எஞ்சினியரம்மா எழுந்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் குழாய்க் கேள்விய இன்னொரு தடவ கேளுங்க."

"குழாய் வந்தா இணைப்பு வாங்குவீங்களா?"

"வேணும்னு போட்டுக்குங்க."

துருவி எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்தாள். "எங்க வீட்ல பாத்ரூம் இருக்கு மேடம். குடிங்க" என்றாள். எஞ்சினியரம்மா சொம்பை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தார்.

சொன்னபடி லாரிக்காரர் மறுநாளே சங்கத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டார். செயலாளர் கத்தவில்லை, கத்துகிற ஆள் இல்லை அவர். லோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார். லாரி தெருமுனை மேட்டில் சும்மா நின்றது. வாசல் காய்ந்து வெளுத்தது. நீல டிரம் இரண்டும் அடி தெரிந்தபோது துருவி முதல்முறையாகக் குடத்தோடு வரிசையில் போய் நின்றாள். யாரும் குத்திக் காட்டவில்லை. ஸ்கூட்டர்காரர் மட்டும், "உங்க வீட்டுக்குமா?" என்று வியந்துவிட்டு, நகர்ந்து இடம் விட்டார். லாரிக்காரர் அந்த நாட்களில் டயரைக் கழற்றி மாற்றினார், கதவுக்குப் பெயிண்ட் அடித்தார், மகளுக்குச் சைக்கிள் சரி பண்ணிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் துருவியின் அன்றைய கதைக்குக் காத்திருந்தார்.

கடைசியில் செயலாளரே ஆள் அனுப்பினார். கோபம் தீர்ந்து அல்ல. கல்குவாரிக்கு அப்பால் அந்தக் கரடுமுரடான பாதையில் லாரியை ஓட்டிப் போக வேறு ஆள் கிடைக்கவில்லை.

அதே வாரம் எஞ்சினியரம்மா துருவியைக் கூப்பிட்டார். "வெளிக் கிணறுங்களையும் சேத்தாத்தான் திட்டம் நிக்கும்னு மேல பேசி ஒத்துக்க வச்சுட்டேன். அளக்கறதுக்கு எங்க ஆளுங்க அப்புறம் வருவாங்க. அதுக்கு முன்னாடி கிணத்துக்காரங்க பேசுவாங்களான்னு தெரியணும். நாங்க போனா கதவச் சாத்துவாங்க. நீங்க போய்ப் பேசிப் பாருங்களேன்."

அப்படித்தான் துருவி கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக லாரியின் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஊர் முடிகிற மாதிரி இருந்தது; முடியவில்லை. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண்கள், பாதி எழும்பின மாடிகள், 'வீட்டுமனை விற்பனைக்கு' என்ற பலகைகள் என்று போய்க்கொண்டே இருந்தது. இதற்கெல்லாமும் தண்ணீர் வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சூளைப் புகை, அப்புறம் கல்குவாரியின் வெள்ளைத் தூசி, அதற்கப்புறம் மண் சிவந்தது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள், அவர் சொல்லிக்கொண்டே ஓட்டினார். பாதை குலுக்கிய குலுக்கலில் பாதிக் கேள்வி உடைந்து உடைந்துதான் வந்தது.

கிணறு அகலமாக இருந்தது. பாறையைக் குடைந்து எடுத்தது. மோட்டார் கொட்டகை நிழலில், ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"இது யாரு, புதுசா?"

"வீட்டுக்காரி. உங்களக் கேள்வி கேக்க வந்திருக்கா" என்றார் லாரிக்காரர், குழாயைக் கிணற்றுக்குள் இறக்கியபடி.

"கேக்கட்டும். இங்க ஓஸ் குழாய் போடத்தான் வர்றாங்க, கேள்வி கேக்க யாரு வர்றா?"

துருவி ஒரு கல்லைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து ஆரம்பித்தாள். நிலம் எவ்வளவு, என்ன பயிர், எப்போதிலிருந்து தண்ணீர் விற்கிறீர்கள்.

"பயிரு வச்சு ரெண்டு போகமாச்சு. மகன் ஒங்க ஊர்லதான் இருக்கான், செக்யூரிட்டி வேலை. ஒத்த ஆளு என்னத்த வெதைக்கறது? இப்போ தண்ணிதான் எனக்கு வெள்ளாமை."

"பக்கத்துக் கொல்லைக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லாம? என் கிணறு எறங்க எறங்க அவங்க கிணறும் எறங்குது. எதிர வந்தா மொகத்தத் திருப்பிக்கறாங்க. நல்லது கெட்டதுக்குக்கூடக் கூப்பிடறதில்ல." அந்த அம்மா மண்ணைக் காலால் தள்ளினாள். "இவ்வளவு கேக்கறியே, நான் ஒண்ணு கேக்கறேன். இங்கேருந்து போற தண்ணிய ஒங்க ஊர்ல என்ன பண்றாங்க?"

ஊரிலேயே அதற்குப் பதில் தெரிந்த ஆள் துருவிதான். சொன்னாள். கதவை இடிக்கிற ஒன்பது பேர் வீட்டைச் சொன்னாள். ஓடாத ஸ்கூட்டரைச் சொன்னாள். "அத நிறுத்தச் சொல்லு மொதல்ல" என்றாள் அந்த அம்மா. பிள்ளைகளுக்குக் கேட்காமல் அழக் குழாயைத் திறந்து விடுகிற பெண்ணைச் சொன்னபோது மட்டும் அந்த அம்மா மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்த காலை நிறுத்தினாள்.

"அதுக்குப் போகட்டும்" என்றாள் அப்புறம். "அதுக்கு எவ்வளவு வேணும்னாலும் போகட்டும்."

மோட்டார் இருமியது. இரண்டு தடவை காற்றைக் கக்கிவிட்டு வெறுமனே உறுமியது. அந்த அம்மா எழுந்து போய் நிறுத்தினாள்.

"ஊறட்டும்" என்றாள்.

லாரித் தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. "எவ்வளவு நேரமாகும்?" என்று துருவி கேட்டாள்.

"ஒருநாள் மாதிரி ஒருநாள் இல்ல. குப்புறப் படுத்துக் காதக் குடு. ஊறுற சத்தம் கேக்கும். நான் அப்படித்தான் பாக்கறது."

துருவி பையை இறக்கி வைத்துவிட்டுக் கிணற்று விளிம்புப் பாறையில் குப்புறப் படுத்தாள். வயிற்றுக்குக் கீழே பாறை சுட்டது. முகத்துக்கு நேராகக் குளிர்ச்சியும் ஈரக் கல் வாசனையும் மேலே வந்தன. முதலில் தன் மூச்சுத்தான் கேட்டது. அப்புறம் சூடு ஆறுகிற லாரி எஞ்சினின் டக் டக். அதுவும் அடங்கியது. எங்கேயோ கீழே, இடது பக்கச் சுவரில், ஒரு சொட்டு. இன்னொன்று. பிறகு சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நூல் மாதிரி ஒரு சத்தம்.

"கேக்குதா?" என்றார் லாரிக்காரர்.

பேசாதீங்க என்று அவள் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். எத்தனையோ மாதமாக அந்தக் கிணற்றுக்கு வந்து போகிறவர்; அந்தச் சத்தத்தை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் வந்து அவரும் குப்புறப் படுத்துக்கொண்டார்.